அடுகோடியில் சாய்யோ சுருட்டிய ஆறு நாள்

பெங்களூர்ப் பயணத்தில் எனக்கு முதல் கோபம் வந்த இடம் அத்திபெலே. புதுச்சேரியில் காலை பஸ் ஏறி, ஓசூரைத் தாண்டி, கர்நாடகத்துக்குள் நுழைந்த கையோடு வண்டி நெரிசலில் நின்றுவிட்டது. ஏசி பஸ், ஜன்னலைத் திறக்க வழியில்லை. பின்சீட்டிலிருந்து ஒரு குரல் எழும்பியது: "கண்டக்டர், வண்டிக்குள்ள என்னமோ செத்துக் கெடக்கு."

எதுவும் செத்துக் கிடக்கவில்லை. என் பையில் இருந்த நுக்மாம் பாட்டிலின் மூடி கழன்றிருந்தது, அவ்வளவுதான். நுக்மாம் என்றால் மீனையும் உப்பையும் மாதக்கணக்கில் ஊறவைத்து வடித்தெடுக்கிற சாறு. வியட்நாம் சமையலில் உப்பு செய்கிற வேலையை அதுதான் செய்யும். வாடை இருக்கும், இல்லையென்று சொல்லவில்லை. ஆனால் அந்த பஸ்ஸில் இருந்தவர்களில் பாதிப் பேர் கருவாடு வறுக்கிற வீட்டைக் கண்ணை மூடிக்கொண்டே கண்டுபிடித்துவிடுவார்கள். அவர்கள் எல்லோரும் கைக்குட்டையை எடுத்து மூக்கில் வைத்துக்கொண்டார்கள்.

"என்னம்மா கொண்டாந்தீங்க?" என்றார் கண்டக்டர்.

"சாப்பாட்டு சாமான்."

"இதையா சாப்பிடுவீங்க?"

வந்ததே எனக்கு ஆத்திரம்! முப்பத்தோரு வருஷம் அரசுப் பள்ளியில் விளையாட்டு டீச்சராக இருந்து விருப்ப ஓய்வு பெற்றவள் நான். விசில் இல்லாமலே மைதானத்தின் அந்தக் கோடிக்குக் கேட்கிற தொண்டை. "நீங்க சாப்பிடுற நெத்திலிக் கருவாடு மல்லிகைப்பூ வாசமா அடிக்குது?" என்று கேட்டேன். முன்னால் டிரைவரே திரும்பிப் பார்த்தார். கடைசியில் பையைக் கொண்டுபோய் வண்டியின் வயிற்றில் சாமான்களோடு போட்டார்கள். என்னை மேலே விட்டுவைத்தார்களே, அதுவரைக்கும் சந்தோஷம்.

பஸ் என்னை நான் கேட்ட இடத்தில் இறக்காமல் ஒரு மேம்பாலத்துக்கு அடியில் இறக்கிவிட்டுப் போனது. அங்கே ஆட்டோ பிடித்தேன். ஓட்டியவருக்குக் கிருஷ்ணகிரிப் பக்கம், இருபது வருஷமாக இங்கே. போகிற இடத்தைச் சொன்னதும், "ஓ, வாசல்ல சைனாப் பொண்ணு நிக்குமே, அந்தக் கடைங்களா?" என்றார்.

"சைனா இல்லப்பா. வியட்நாம் சாப்பாட்டுக் கடை."

"எல்லாம் ஒண்ணுதானக்கா."

"கிருஷ்ணகிரியும் கன்னியாகுமரியும் ஒண்ணா?"

"அதெப்படிக்கா ஒண்ணாவும்?" என்று சிரித்தார். சிரித்தவர் யோசித்திருக்கலாம். யோசிக்காமல் ஹாரன் அடித்தார்.

அடுகோடியில் டயர் கடைகளும் லேத் பட்டறைகளும் நெருக்கியடித்திருக்கிற ஒரு குறுக்குத் தெரு. பைக் மெக்கானிக் ஒருவருக்கும் பெண்கள் விடுதி ஒன்றுக்கும் நடுவில் என் தம்பி அந்துவானின் கடை. எட்டு மேசை, முழங்கால் உயர நீல பிளாஸ்டிக் முக்காலிகள், கூரையில் சிவப்புக் காகித விளக்குகள். ஃபோ என்கிற நூடுல்ஸ் சூப், பான் மீ என்கிற ரொட்டி, டின் பால் ஊற்றிய காபி, அப்புறம் எங்கள் ஊர்க்காரர்கள் சாய்யோ என்று சொல்கிற பொரித்த சுருள். சைகோனில் தெருவோரம் உட்கார்ந்து சாப்பிடுகிற சாப்பாடு. விலையும் தெருவில் போகிறவர்கள் பயப்படாத விலைதான்.

அந்துவானுக்கும் வியட்நாமுக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்பீர்கள். எங்கள் அம்மா பிறந்தது சைகோனில். அவளுடைய அப்பா பிரெஞ்சுப் பட்டாளத்தில் வேலை பார்த்த புதுச்சேரித் தமிழர். அங்கேயே ஒரு வியட்நாமியப் பெண்ணைக் கட்டிக்கொண்டார். அம்மாவுக்குப் பத்து வயசிருக்கும்போது எல்லோரும் கப்பலேறி ஊர் திரும்பினார்கள். எங்கள் ஊரில் இப்படிப்பட்ட வீடுகள் கொஞ்ச நஞ்சமில்லை. அம்மாவுக்கு முகம் அச்சு அசல் வியட்நாம். நானும் அந்துவானும் அப்பாவை உரித்து வைத்தவர்கள். நல்ல கறுப்பு, பெரிய மூக்கு. எங்களை ஒருத்தரும் எந்த நாடு என்று கேட்டதில்லை.

ஆட்டோவை விட்டு இறங்கினால் கடை வாசலில் கூம்புத் தொப்பி போட்ட ஒரு பெண். இருபத்தைந்து, இருபத்தாறு வயசிருக்கும். அந்தக் கண், அந்தக் கன்னம். என் வாய் என்னைக் கேட்காமலே திறந்துவிட்டது. "கோன் அன் கம் சுவா?" என்றேன். பிள்ளை சாப்பிட்டாச்சா என்று அம்மா எங்களைக் கேட்கிற கேள்வி அது. எனக்குத் தெரிந்த வியட்நாம் பேச்செல்லாம் இப்படிச் சமையல்கட்டுப் பேச்சுதான்.

அந்தப் பெண் என்னைப் பார்த்து விழித்தாள். பிறகு உள்ளே உட்கார்ந்திருந்தவர்களுக்குக் கேட்காமல், நல்ல தமிழில், "ஆன்ட்டி, நான் மணிப்பூர். அண்ணன் உள்ள இருக்காரு" என்றாள்.

எனக்கு முகத்தை எங்கே வைத்துக்கொள்வதென்று தெரியவில்லை. ஆட்டோக்காரரைக் கேள்வி கேட்டவள் நான்! அவள் சட்டையில் குத்தியிருந்த அட்டையில் 'லான்' என்று பெயர் போட்டிருந்தது. லான் வியட்நாம் பெயர். மணிப்பூரில் இருந்து வந்தவளுக்கு அது எப்படி வந்தது?

சமையல்கட்டில் அந்துவான் பனியனும் ஏப்ரனுமாக வேர்த்து வழிந்துகொண்டிருந்தான். நாற்பத்தெட்டு வயசு, எனக்கு ஒன்பது வருஷம் இளையவன். "வந்துட்டியாக்கா? பாட்டில் எங்க?" என்றான்.

"யாருடா லான்?"

"கஸ்டமருக்கு லான். நமக்கு லிந்தோய்."

"பெத்தவங்களுக்கு?"

"வந்ததும் வராததுமா ஆரம்பிக்காதக்கா. மொதல்ல சாய்யோவப் பாரு, எண்ணெயில போட்டா வெடிக்குது."

என்னை வரவழைத்தது அதற்குத்தான். வெள்ளிக்கிழமை ஒரு ஆள் கேமராவோடு வருகிறானாம். சாப்பாட்டுக் கடைகளை வீடியோ எடுத்துப் போடுகிறவன். அவன் காட்டினால் அந்தக் கடை வாசலில் மறுநாள் வரிசை நிற்குமாம். அன்றைக்குச் சாய்யோ வெடிக்கக்கூடாது. இதில் என்ன ரகசியம் இருக்கிறது? இவன் சுருளின் மேலுறையான அரிசித்தாளை வெந்நீரில் முக்கி எடுக்கிறான். தாள் தண்ணீரைக் குடித்துவிட்டு எண்ணெயில் அதைக் கக்குகிறது. ஈரத்துணியை விரித்து, தாளை அதன்மேல் ஒற்றி எடுத்தால் போதும். உள்ளே வைக்கிற கறியையும் சேமியாவையும் பிழிந்து வைக்க வேண்டும். இதை அம்மா இவனுக்கு நூறு தடவை சொல்லியிருப்பாள்.

புதன்கிழமை காலை புதினாவும் துளசி மாதிரி இருக்கிற அந்தத் தழையும் வாங்க லிந்தோயும் நானும் மார்க்கெட்டுக்குப் போனோம். டவுன் பஸ்ஸில் எங்களுக்கு முன்னால் நின்ற இரண்டு காலேஜ் பசங்கள் அவளைப் பார்த்து "மோமோ, மோமோ" என்று பாடினார்கள். நான் வாயைத் திறக்கப்போனேன். அவள் என் கையைப் பிடித்து, "விடுங்கக்கா, நம்ம ஸ்டாப் வந்துடுச்சு" என்றாள். ஒரே ராத்திரியில் ஆன்ட்டி அக்காவாகியிருந்தது. அது ஒன்றுதான் அந்தக் காலையில் நல்லது.

கீரைக்காரம்மா என்னிடம் கன்னடத்தில் என்னவோ கேட்டார். லிந்தோய் கன்னடத்திலேயே சுருக்கமாகப் பதில் சொல்லிவிட்டு, கட்டு சின்னதாக இருக்கிறதென்று பேரமும் பேசி, கூட இரண்டு கொத்து வாங்கிவிட்டாள். "என்ன கேட்டாங்க?" என்றேன்.

"இந்தப் பொண்ணு எந்த தேசம்னு. உங்களைக் கேட்டாங்க. என்னைக் கேக்க மாட்டாங்க."

"நீ என்ன சொன்னே?"

"அடுகோடின்னு சொன்னேன்."

எங்கள் ஊர்ப் பெரிய மார்க்கெட்டில் மீன் வாங்கப் போகும்போதெல்லாம் அம்மாவை யாராவது கேட்பார்கள், எந்த நாடும்மா என்று. அம்மா மீனின் செவுளைத் தூக்கிப் பார்த்தபடியே "முத்தியால்பேட்டை" என்று எங்கள் பகுதியின் பெயரைச் சொல்வாள். நாற்பது வருஷம் அந்தப் பதிலைச் சொன்னாள். கேட்டவர்கள் அதற்கும் சிரித்தார்கள்.

திரும்பி வருகிற வழியில் தர்ஷிணி என்கிற ஒரு சின்ன ஓட்டலில் நின்றுகொண்டே இட்லி சாப்பிட்டோம். பெங்களூர்க்காரர்கள் சாம்பாரில் வெல்லம் போடுவதைப் பற்றி எனக்கு நிறையச் சொல்ல இருக்கிறது, இங்கே இடமில்லை. லிந்தோய் தன் கதையைச் சொன்னாள். இரண்டு வருஷத்துக்கு முன் குக் வேலைக்குத்தான் அந்துவானிடம் சேர்ந்தாள். மூன்று வாரம் அடுப்படியில் நின்றாள். அப்புறம் வாசலுக்கு அனுப்பினான். அடுத்த மாசம் உள்ளே வரலாம் என்றான். அந்த அடுத்த மாசம் இன்னும் வரவில்லை.

"அம்மா இம்பால் பக்கத்துல டீக்கடை வச்சிருக்காங்க. நான் இங்க குக்குன்னு சொல்லியிருக்கேன். தினம் கேப்பாங்க, இன்னிக்கு என்ன சமைச்சேன்னு. நான் அண்ணன் செஞ்சதையெல்லாம் நான் செஞ்சதா சொல்வேன்." பிளேட்டைப் பார்த்தபடியே சொன்னாள். "இப்ப வீடியோவுல நான் லான், ஹனோய்ல பொறந்தேன், எங்கம்மா ரோட்டுல சூப் வித்தாங்கன்னு சொல்லணும். அந்த வீடியோக்காரரு எழுதி அனுப்பியிருக்காரு."

"முடியாதுன்னு சொல்லு. உனக்கு வாய் இல்லையா?"

"வாய் இருக்குக்கா. வாடகையும் இருக்கு. அண்ணன் சொல்லிருக்காரு, இந்த வீடியோ முடிஞ்சதும் என்னை உள்ள எடுத்துப்பேன்னு."

ஐயோ, இந்தப் பெண்ணின் நம்பிக்கையே! வீடியோ வந்து ஊரெல்லாம் லானைப் பார்க்க வந்தபின், லானைக் கொண்டுபோய் எவன் அடுப்படியில் ஒளித்துவைப்பான்? இது அந்துவானுக்குத் தெரியாதா? தெரியும். அவளுக்கும் தெரியும் என்றுதான் நினைக்கிறேன். தெரிந்தும் அந்த ஒரு வார்த்தையைப் பிடித்துக்கொண்டிருந்தாள்.

வியாழக்கிழமை முழுக்கக் கடையில் உட்கார்ந்து ஆட்களை வேடிக்கை பார்த்தேன். என்னென்ன கேட்கிறார்கள் என்கிறீர்கள்! விடியற்காலை ஐந்து மணிக்கு கோழி எலும்பைப் போட்டு, வெங்காயமும் இஞ்சியும் தீயில் வாட்டி, பட்டை அன்னாசிப்பூ சேர்த்து ஏழு மணி நேரம் கொதிக்கவைத்த சூப். அதில் பூண்டு வெங்காயம் இல்லாமல் ஒன்று கிடைக்குமா என்று ஒருத்தர். சாய்யோவுக்கு மயோனைஸ் கேட்டு ஒரு மேசை. கோபி மஞ்சூரியன் இல்லையா, என்ன கடை இது என்று எழுந்து போனவர்கள் இரண்டு பேர். பக்கத்து மெக்கானிக் மட்டும் கிரீஸ் கையைக் கழுவிவிட்டு வந்து, ஒன்றும் கேட்காமல் ஒரு கிண்ணம் ஃபோவைக் கடைசிச் சொட்டுவரை குடித்துவிட்டுப் போனார். வந்தவர்களில் முக்கால்வாசிப் பேர் லிந்தோயோடு நின்று போட்டோ எடுத்துக்கொண்டார்கள். அவள் கைகூப்பி, தலைசாய்த்து, சொல்லிக்கொடுத்த வணக்கத்தைச் சொன்னாள்.

மதியம் மூன்று மணிக்குக் கூட்டம் ஓய்ந்தது. அந்துவான் காய்கறிக்காரனைப் பார்க்க வெளியே போனான். லிந்தோய் தொப்பியைக் கழற்றி வைத்துவிட்டு அடுப்படிக்குள் போய், கடை ஆட்களுக்குச் சாப்பாடு செய்தாள். உருளைக்கிழங்கையும் பச்சை மிளகாயையும் வேகவைத்து, ஊரிலிருந்து வந்த புளிக்கவைத்த மீனைச் சுட்டு, சேர்த்து மசித்தாள். ஒரு வாய் வைத்தேன். நுக்மாமின் அண்ணன் தம்பி மாதிரி ஒரு ருசி. போகிறபோக்கில் சூப் அண்டாவையும் கரண்டியால் மொண்டு பார்த்து, அடுப்பைக் குறைத்து, மேலே நின்ற நுரையை வழித்து எறிந்தாள். யாரும் சொல்லவில்லை. கைக்கு வேலை தெரிந்தவர்கள் அப்படித்தான், பார்த்துக்கொண்டு நிற்க மாட்டார்கள்.

அந்துவான் வந்ததும் பிடித்துக்கொண்டேன். "அவள ஏன்டா உள்ள விட மாட்டேங்குற?"

அவன் கத்தியைக் கீழே வைத்தான். "கட தொறந்த புதுசுல ஆறு மாசம் நான்தான்க்கா கல்லாவுல நின்னேன். உனக்குத் தெரியாது. செஃப் எங்கன்னு கேப்பாங்க. நான்தான்னா சிரிப்பாங்க. ஒரு லேடி பசங்களக் கூட்டிக்கினு வந்துச்சு. என் மூஞ்சப் பாத்துட்டு, இது ஏதோ மதராஸி ஹோட்டல்டா, வாங்கன்னு இழுத்துக்கினு போயிடுச்சு. அம்மா கையால கத்துக்கின சூப்புக்கா. ஒரு ஸ்பூன் வாயில வெக்கல." ஏப்ரன் நுனியால் முகத்தைத் துடைத்துக்கொண்டான். "ஒரு நாள் லிந்தோய் ஒரு கிண்ணத்த எடுத்துக்கினு வெளிய வந்துச்சு. நாலு பேரு போட்டோ எடுத்தான். அந்த வாரமே கட நெரம்புச்சு. நான் என்ன பண்ணட்டும்?"

அந்தப் பெண்மணி அப்போது எதிரில் இருந்திருந்தால் நான் என்ன செய்திருப்பேனோ. என் தம்பியைப் பார்த்துப் 'பாவம்' என்றுதான் மனசு சொன்னது. ஆனால் பாவம் என்றால் செய்வதெல்லாம் சரியாகிவிடுமா?

"உன் மூஞ்சப் பாத்துட்டு அந்த லேடி போனது உனக்கு இப்படி எரியுதே. இவ மூஞ்சப் பாத்துதானடா நீ வாசல்ல நிறுத்திருக்கே? அம்மா ஆயுசு பூரா முத்தியால்பேட்ட, முத்தியால்பேட்டன்னு சொல்லிச் சொல்லி ஓஞ்சு போனா. இவளுக்கு அடுகோடின்னுகூட சொல்ல வழியில்லாம பண்ணிட்டியே!"

"அம்மாவ இதுல இழுக்காதக்கா."

"நீதான்டா இழுத்து வாசல்ல நிக்க வெச்சிருக்க."

அவன் கத்தியை எடுத்து வெங்காயம் நறுக்க ஆரம்பித்தான்.

வெள்ளிக்கிழமை பதினொரு மணிக்கு வீடியோக்காரன் வந்தான். முப்பது வயசு, தாடி, கூட விளக்குப் பிடிக்க ஒருவன். இங்கிலீஷும் கன்னடமும் கலந்து பேசினான். நான் புரிந்துகொண்டபடி சொல்கிறேன். முதலில் நான் சாய்யோ சுருட்டுவதைப் படம் பிடித்தான். பிடித்துக்கொண்டே, "ஆன்ட்டி, முகம் வேண்டாம், கை மட்டும்" என்றான். சரி என்று தலையைப் பின்னால் இழுத்துக்கொண்டேன். கொஞ்ச நேரத்தில் நிறுத்தினான். "கை மேட்ச் ஆகவில்லை. ரொம்ப டார்க்காக இருக்கிறது. லான் கையை வைக்கலாம்."

என் கை! ஏழு வயசிலிருந்து சாய்யோ சுருட்டுகிற கை. அந்துவானின் கடைக்காகப் பல்லைக் கடித்துக்கொண்டேன். இப்போது நினைத்தால் அந்தப் பல்லைக் கடித்ததற்கே என்மேல் எனக்குக் கோபம் வருகிறது.

லிந்தோயைச் சிவப்பு விளக்குக்குக் கீழே உட்கார வைத்தான். நான் சுருட்டிய சாய்யோ அவள் முன்னால். "சொல்லு" என்றான். அவள் ஆரம்பித்தாள்: "ஹலோ, ஐ ஆம் லான். ஹனோயில் என் அம்மா..." அதோடு நின்றாள். மறுபடி எடுத்தான். மறுபடி அதே இடத்தில் நின்றாள். "சிரி, உன் அம்மாவை நினைத்துக்கொள்" என்று யோசனை சொன்னான் அவன். மூன்றாவது முறை அவள் தொப்பியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டாள்.

"என் அம்மா ஹனோயில் இல்லை" என்றாள் இங்கிலீஷில். மெதுவாகத்தான் சொன்னாள். "இம்பால் பக்கத்தில் டீக்கடை வைத்திருக்கிறார். என் பெயர் லிந்தோய். இங்கே சமைக்கிறவர் உள்ளே இருக்கிறார், அந்துவான் அண்ணன். அவருடைய அம்மா சைகோனில் பிறந்தவர். எனக்கும் சமைக்கத் தெரியும். சமைக்கத்தான் வந்தேன். இரண்டு வருஷமாக என்னை உள்ளே விடவில்லை."

கேமரா ஓடிக்கொண்டே இருந்தது. சமையல்கட்டு வாசலில் அந்துவான் கரண்டியோடு வந்து நின்றான். வீடியோக்காரன் அவனை மேலும் கீழும் பார்த்தான். "இவரா செஃப்? சார், தப்பாக எடுத்துக்கொள்ளாதீர்கள். உங்களைப் பார்த்தால் பரோட்டா மாஸ்டர் மாதிரி இருக்கிறது. யார் நம்புவார்கள்?"

"நம்புறதுக்கு இதுல என்னய்யா இருக்கு? எடுத்து வாயில போட்டுப் பாரு!" என்று கத்தினேன். தெருவில் போனவர்கள் நின்றார்கள். மெக்கானிக் ஸ்பேனரோடு எழுந்து வந்துவிட்டார். வீடியோக்காரன் விளக்கைச் சுருட்டிக்கொண்டு கிளம்பினான். எதிரில் அத்தனை சூடாக இருந்ததே, ஒரே ஒரு சாய்யோவை எடுத்துக் கடித்துப் பார்க்கவில்லை அந்த ஆள். அன்றைக்கு ஒன்றுகூட வெடிக்கவில்லை என்பதையும் இங்கே சொல்லி வைக்கிறேன்.

"திருப்தியாக்கா ஒனக்கு?" என்றான் அந்துவான். பிறகு லிந்தோயிடம் திரும்பி, என்னைப் பார்க்காமல் அவளையும் பார்க்காமல், "நாளைலேர்ந்து வர வேணாம்" என்றான். அவள் பெயர் அட்டையைக் கழற்றி மேசைமேல் வைத்துவிட்டு, பையை எடுத்துக்கொண்டு பக்கத்து விடுதிக்குப் போய்விட்டாள்.

சனிக்கிழமையைப் பற்றி எழுத எனக்குப் பிடிக்கவில்லை. வருகிறவர்கள் எல்லாம் லான் எங்கே என்றார்கள். லீவு என்றான் அந்துவான். விடுதிக்குப் போய்க் கதவைத் தட்டினேன். தலைவலி என்று உள்ளிருந்தே சொன்னாள். கட்டிலில் உட்கார்ந்து எங்கேயாவது வேலைக்கு மனு போட்டுக்கொண்டிருந்தாளோ, அழுதுகொண்டிருந்தாளோ, தெரியாது. "அவளக் கூப்பிடு, இல்ல நான் நாளைக்கே பஸ் ஏறுறேன்" என்றேன் தம்பியிடம். "ஏறு" என்றான். அவனும் என் தம்பிதானே, கோபத்தில் எனக்குக் குறைந்தவனா?

ஞாயிறு சர்ச்சில் பூசைக்குப் போய்விட்டு வந்தபோது அந்துவான் கல்லாவில் உட்கார்ந்து ஃபோனையே பார்த்துக்கொண்டிருந்தான். அதை என்னிடம் நீட்டினான். அந்த வீடியோக்காரன்தான். 'வியட்நாம் கடையில் ஒரு வியட்நாமியர்கூட இல்லை! பெங்களூரில் போலி அம்பலம்' என்று கொட்டை எழுத்தில் போட்டிருந்தான். லிந்தோய் பேசியது முழுசாக இருந்தது. அந்துவான் பனியனோடு கரண்டி பிடித்து நிற்பது இருந்தது. நான் வாயைத் திறந்து கத்துவது, சத்தமில்லாமல், பாட்டுப் போட்டு இருந்தது. கடைசியில் தன் முகத்தைக் காட்டி, மக்களை ஏமாற்றாதீர்கள் என்று முடித்திருந்தான்.

இவனல்லவா ஹனோய்க் கதையை எழுதிக் கொடுத்தவன்? இவனல்லவா கை நிறம் பார்த்தவன்? பொய் கிடைத்தால் பொய், கிடைக்காவிட்டால் பொய்யைப் பிடித்த புண்ணியவான்! நான் அந்தத் தெரு கேட்க வைதேன். அதையெல்லாம் அச்சில் போட முடியாது. கீழே ஜனங்கள் எழுதியிருந்ததைப் படிக்க வேண்டாம் என்று அந்துவான் ஃபோனைப் பிடுங்கிக்கொண்டான். பன்னிரண்டரை வரை கடைக்கு ஒருத்தர் வரவில்லை. ஷட்டரை இறக்கிவிடலாம் என்று எழுந்தான்.

அப்போது லிந்தோய் வந்தாள். கண் வீங்கியிருந்தது. கையில் ஃபோன், அதில் வீடியோ காலில் ஒரு அம்மா, பின்னால் பாய்லரும் கண்ணாடி டம்ளர்களும். "எங்கம்மா பாத்துட்டாங்க. ஊர்ல யாரோ அனுப்பிட்டாங்க" என்றாள். "உங்ககிட்ட பேசணுமாம்."

அந்துவான் பதறிப்போய் ஏப்ரனில் கையைத் துடைத்துக்கொண்டு ஃபோனுக்கு எதிரில் நின்றான். அந்த அம்மா அவனை நிதானமாகப் பார்த்தார். பரோட்டா மாஸ்டரா, வியட்நாமா என்றெல்லாம் அவர் பார்க்கவில்லை. மகளுக்கு வேலை கொடுத்தவனைப் பார்த்தார். ஏதோ கேட்டார்.

"அம்மா கேக்கறாங்க" என்றாள் லிந்தோய். "என் பொண்ணு அங்க என்ன வேலை பாக்குதுன்னு."

அந்துவான் தன் ஏப்ரனை அவிழ்த்து அவள் தோளில் போட்டான். பிறகு தனக்குத் தெரிந்த நாலு வார்த்தை ஹிந்தியைக் கூட்டி, ஒவ்வொன்றாகச் சொன்னான். "மாஜி. ஆப் கா பேட்டி குக். ஆஜ் ஸே." உங்கள் மகள் சமையல்காரி, இன்றிலிருந்து.

எனக்கு அப்படியே நெஞ்சு நிறைந்துவிட்டது. ஆயிரம் இருந்தாலும் என் தம்பி என்று அவன் முதுகில் தட்டக் கையைத் தூக்கினேன். ஃபோனில் அந்த அம்மா சிரிக்கவில்லை. மகளிடம் ஒரே ஒரு வாக்கியம் சொன்னார். லிந்தோய் அதை எங்களுக்குச் சொல்லாமல் நின்றாள்.

"என்ன சொல்றாங்க?" என்றான் அந்துவான்.

"இன்னிலேர்ந்துன்னா, இந்த ரெண்டு வருஷம் எம்பொண்ண என்னவா வெச்சிருந்தீங்கன்னு கேக்கறாங்க."

அந்துவான் என்னைப் பார்த்தான். நான் அவனைப் பார்த்தேன். இம்பால் பக்கத்து டீக்கடையில் அந்த அம்மா பதிலுக்காகக் காத்துக்கொண்டிருந்தார்.